எட்டுக்கு ஏறினால் ஒன்பதரைக்கு

பெண் கொடுப்பதில் என் அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. ஜாதகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்வார். மாப்பிள்ளைக்கு முன்தலையில் முடி குறைவாக இருந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். ஆனால் ஊர் மட்டும் அவருடைய கணக்குக்குள் அடங்க வேண்டும். காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டுக் கிளம்பி, பெண்ணைப் பார்த்து, சம்பந்தி வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட வேண்டும். அந்தத் தூரத்துக்குள் யார் வந்து கேட்டாலும் பெண் உண்டு. அதற்கு வெளியே கலெக்டரே வந்து கேட்டாலும் கிடையாது. கிலோமீட்டர் என்பதெல்லாம் ரோடு போடுகிறவர்களின் கவலை என்பார்.

சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல், இரண்டு கறவை மாடுகள், இரண்டு பெண்கள். அக்காவை இந்தக் கணக்குப்படிதான் பக்கத்து ஊர் வாத்தியாருக்குக் கொடுத்தார். அப்பா சைக்கிளிலேயே போய் வந்துவிடுவார். அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. அடுத்த வருஷமே வாத்தியாருக்குக் கல்வராயன் மலையில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. வெள்ளிமலையைத் தாண்டி இன்னும் உள்ளே போக வேண்டும். எங்கள் கொல்லையில் நின்று மேற்கே பார்த்தால் அந்த மலை நீலமாகத் தெரியும். அப்பா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே அதைப் பார்த்து முறைப்பார்.

“கண்ணுக்குத் தெரியுதுன்னுதான் பேரு. போனா அன்னிக்கே திரும்ப முடியுதா?” என்பார்.

அங்கே போகிற பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மழை பெய்தால் அதுவும் சந்தேகம்.

இந்த நிலைமையில்தான் எனக்கு ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்கிறார் என்று சொன்னார்கள். லீவில் வந்திருந்தவரைக் கூட்டிக்கொண்டு பெண் பார்க்கவும் வந்துவிட்டார்கள். பையனுக்கு வேலை சிங்கப்பூரில் என்பது அப்பாவுக்கு அவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரியும். வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்காக விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

பையனின் அம்மா என்னைப் பார்த்து, “ஒரு பாட்டு பாடும்மா” என்றார்.

“பாடினா நீங்க உடனே கெளம்பிடுவீங்க. காபிய குடிச்சிட்டுக் கேளுங்க” என்றேன்.

என் அம்மா பின்னாலிருந்து என் இடுப்பில் கிள்ளினாள். பையனுக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது. இருமினார், சிரித்தார், மறுபடி இருமினார். கண்ணில் தண்ணீர் வழிய என்னைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

அப்பாவுக்கும் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது, வேறு மாதிரி. அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “கடல் தாண்டிக் குடுக்கறதுக்கு எம் பொண்ணு இன்னா கப்பல் சரக்கா?” என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

நான் என் மாமாவிடம் போனேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். ஒரு பஸ் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு விசில் ஊதுவதும், கிளம்பாத பஸ்ஸின் டிரைவரிடம் வாய்ச்சண்டை போடுவதும் அவர் வேலை. நாள் முழுக்க முன்னால் போகிறவனையும் பின்னால் வருகிறவனையும் சமாதானப்படுத்திப் படுத்தி, அவருக்கு ஒரு தனித்திறமை வந்திருந்தது. பொய் சொல்லவே மாட்டார். உண்மையை ஆளுக்குத் தகுந்த மாதிரி நறுக்கிக் கொடுப்பார். “இன்னும் அஞ்சு நிமிஷத்துல பஸ் எடுத்துடுவாங்களா?” என்று கேட்கும் பயணியிடம், “டிரைவர் டீ குடிச்சிக்கினு இருக்கறாரு” என்பார். அது உண்மைதான். டிரைவருக்கு அது முதல் டீயா மூன்றாவது டீயா என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, விசிலைச் சட்டைப் பையில் போட்டார்.

“பையன எனக்குப் புடிச்சிருக்குது மாமா” என்றேன்.

“ஒங்கப்பனுக்குத் தூரம் புடிக்கல. அவ்ளோதானே? தூரத்த நான் பாத்துக்கறேன்” என்றார்.

எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் அப்போது தெரிந்திருக்காது. ரிஷிவந்தியம் போய்ப் பையன் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தபோதுதான் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

அந்தத் தீபாவளிக்கு அக்காவுக்கு வரிசை கொண்டுபோக அப்பா கிளம்பினார். பலகாரக் கூடையைத் தூக்க மாமாவும், அக்கா குழந்தையைப் பார்க்க நானும் கூடப் போனோம். மாட்டைப் பார்த்துக்கொள்ள அம்மா வீட்டில் இருந்துகொண்டாள். காலை பஸ்ஸில் ஏறி, வளைவு வளைவாக மேலே போய், அக்கா வீட்டு வாசலில் இறங்கினோம். சாப்பிட்டுவிட்டு சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்பது அப்பாவின் திட்டம். மத்தியானம் மழை பிடித்தது. மலை மழை எங்கள் ஊர் மழை மாதிரி இல்லை. எதிர்வீடு கண்ணுக்குத் தெரியவில்லை. சாயங்கால பஸ் வரவில்லை. பாதி மலையில் ஒரு வளைவில் மண் சரிந்து பாறை விழுந்து கிடக்கிறது, அதை எடுத்தால்தான் பஸ் வரும் என்று கீழேயிருந்து நடந்து வந்த ஒருவர் சொன்னார்.

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அக்கா சாமைச் சோறு பொங்கி, நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். மாமாவும் நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டோம். அப்பாவுக்கு எதுவும் இறங்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்நேரம் மாட்டுக்குத் தண்ணி காட்டினாளோ என்னமோ” என்றார்.

“அதெல்லாம் எங்கக்கா பாத்துக்கும் மச்சான்” என்று மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். பிறகு ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்தது போல, “ஆமா, அந்த ரிஷிவந்தியத்துப் பையன் சிங்கப்பூர்லேருந்து எப்டி வந்தான்னு கேட்டீங்களா?” என்றார்.

“நான் ஏன் கேக்கறேன்?”

“காலையில எட்டு மணிக்கு அங்க பிளேன் ஏறியிருக்கறான். ஒம்போதரை மணிக்கு மெட்ராஸ்ல எறங்கிட்டான். பொழுதோட ரிஷிவந்தியம் வந்து அவங்கம்மா கையால காபி குடிச்சிருக்கறான்.”

அப்பா ரோட்டிலிருந்து முகத்தைத் திருப்பினார். “எட்டுக்கு ஏறி ஒம்போதரைக்கா?”

“எட்டுக்கு ஏறினான். ஒம்போதரைக்கு எறங்கினான்.”

“அப்ப ஒன்ற மணி நேரமா?”

“நான் அப்டிச் சொல்லல மச்சான். எட்டுக்கு ஏறினான், ஒம்போதரைக்கு எறங்கினான். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்.”

எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த புவியியல் பாடம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. கிழக்கே இருக்கிற ஊரில் சூரியன் முதலில் உதிக்கும். அங்கே எட்டு மணி அடிக்கும்போது எங்கள் ஊரில் ஐந்தரைதான் ஆகியிருக்கும். விமானம் நாலு மணி நேரம் பறக்கிறது. அதில் இரண்டரை மணி நேரத்தைக் கடிகாரம் விழுங்கிவிடுகிறது. அக்காவின் வீட்டுக்காரருக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது. வாத்தியார் அல்லவா. தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அப்பாவிடம், “மாமா, அதுல ஒரு விஷயம்...” என்று ஆரம்பித்தார்.

அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “ஏங்க, வெறவெல்லாம் நனைஞ்சிபோச்சு. பக்கத்து வூட்ல காஞ்ச வெறவு இருக்குதான்னு கேட்டு எடுத்துக்கினு வாங்க.”

“இப்பத்தானே எடுத்தாந்து போட்டேன்?”

“அதுவும் நனைஞ்சிபோச்சு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். கோணிப்பையைத் தலையில் மாட்டிக்கொண்டு பாவம் மனுஷன் மழையில் இறங்கிப் போனார். நனைந்துபோனதாகச் சொன்ன அந்த விறகு அடுப்பில் கலகலவென்று எரிந்துகொண்டிருந்தது.

அப்பா ரோட்டையும் மழையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல, “நம்மூர்லேருந்து உளுந்தூர்பேட்டைக்கே ஒன்ற மணி நேரத்துக்கு மேல ஆவுது. சிங்கப்பூர் கிட்டத்தான் இருக்குது போல. நாமதான் தூரத்துல இருக்கறோம்” என்றார்.

மாமா இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

பாறையை அகற்றி பஸ் வந்து நாங்கள் ஊர் இறங்கியதும், அப்பா மாமாவின் பேச்சை நம்பிவிடவில்லை. தம்பி மாதிரி பழகினாலும் மச்சானை எவ்வளவு நம்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சங்கராபுரத்தில் சிங்கப்பூர் போய்விட்டு வந்து டயர் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் நேரில் விசாரிக்கக் கிளம்பினார். துணைக்கு வருகிறேன் என்று நானும் ஒட்டிக்கொண்டேன்.

“தம்பி, நீங்க சிங்கப்பூர்லேருந்து வரும்போது எத்தன மணிக்கு பிளேன் ஏறினீங்க?” என்று அப்பா கேட்டார்.

“எட்டு மணி இருக்கும் பெரியவரே.”

“மெட்ராஸ்ல எத்தன மணிக்கு எறங்கினீங்க?”

“ஒம்போதர, ஒம்போதே முக்கா.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“ஏர்போர்ட்ல இம்மாம் பெரிய கடியாரம் மாட்டி வெச்சிருக்கறான், பாக்காம?”

அப்பா தலையாட்டினார். அவர் மட்டும் “எவ்வளவு நேரம் பறந்தீங்க?” என்று கேட்டிருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் அவர் பஸ் ஏறிப் பழகியவர். ஏறிய நேரம், இறங்கிய நேரம், இரண்டையும் கழித்தால் பயணம். அந்தக் கணக்கு அவரை அதுவரை ஏமாற்றியதில்லை. இன்னும் இரண்டு பேரிடம் விசாரித்தார். இரண்டு பேருமே சத்தியமாக உண்மையைத்தான் சொன்னார்கள். இந்த விஷயத்தில் அப்பாவிடம் ஒருவரும் பொய்யே சொல்லவில்லை. அதுதான் மாமாவின் வேலையில் இருந்த சுத்தம்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் அப்பா, “ஒன்ற மணி நேரந்தாங்க. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள எறங்கிடலாம்” என்று சொல்லிக்கொண்டே பாயசம் ஊற்றினார். வாத்தியாரை அக்கா சமையல்கட்டுப் பக்கமே உட்கார வைத்திருந்தாள்.

என்னை வழியனுப்ப அப்பா, அம்மா, மாமா மூவரும் மெட்ராஸ் வரை வந்தார்கள். விமானம் பகல் பதினோரு மணிக்கு. நான் போய்ச் சேர்ந்ததும் எங்கள் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்கு போன் செய்ய வேண்டும், அங்கே ஒரு ஆளை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றார் அப்பா. “நீ எறங்கி வூட்டுக்குப் போறதுக்குள்ள நாங்க திண்டிவனங்கூடத் தாண்டியிருக்க மாட்டோம்” என்று தைரியம் வேறு சொன்னார்.

நான் இறங்கியபோது சிங்கப்பூரில் மணி ஐந்தரை. வீடு போய்ச் சேர்ந்து பூத்துக்குப் பேசியபோது இருட்டத் தொடங்கிவிட்டது. மறுமுனையில் பூத்துக்காரர், “ஒங்கப்பா வழியில ஒரு பூத்துலேருந்து ரெண்டு தபா கூப்ட்டு, போன் வந்துச்சான்னு கேட்டுட்டாரும்மா” என்றார். அப்பாவோடு மறுநாள்தான் பேச முடிந்தது.

“இன்னாம்மா இது, எத்தன மணிக்குதான் எறங்கின?”

“அஞ்சரைக்குப்பா.” நானும் மாமாவின் மருமகள்தானே. உண்மையைத்தான் சொன்னேன்.

“பதினொன்னுக்கு ஏறி அஞ்சரைக்கா? வர்றப்ப ஒன்ற மணி நேரம், போறப்ப ஆறரை மணி நேரமா? பிளேன் நின்னு நின்னு போச்சா?”

வாயில் வந்ததைச் சொன்னேன். “எதிர்காத்துப்பா.”

“ஓ” என்றார் அப்பா. “ஆமாமா. ஆடி மாசத்துல மேக்கால சைக்கிள் மிதிச்சாத் தெரியும். மொழங்கால் கழண்டுரும். பாவம், அந்தப் பிளேன்காரன்” என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் கணவர் சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். “இன்னா காத்து?” என்றார். அப்போதுதான் அவருக்கு முழுக் கதையும் சொன்னேன். தன் கல்யாணம் எப்படி நடந்தது என்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஒங்க குடும்பத்துல நான் யாரத்தான் நம்பறது?” என்று கேட்டார். “எங்கப்பாவ நம்புங்க” என்றேன். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு அது.

முதல் பிரசவத்துக்கு நான் ஊருக்கு வந்து, பெண்குழந்தையோடு திரும்பிப் போனேன். குழந்தையைத் தூக்கிக் கொடுத்த நாளிலிருந்து அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று போனில் சொன்னதும், “நான் வந்து பாத்துட்டு வந்துடறேன். ஒன்ற மணி நேரந்தானே. போறப்ப காத்து இருந்தாக் கொஞ்சம் ஜாஸ்தி ஆவும், பரவால்ல” என்றார். அம்மா பிளேனில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கே மாமா எனக்குப் போன் செய்தார். அப்போதுதான் அவர் வீட்டுக்குப் புதிதாக போன் இணைப்பு வாங்கியிருந்தார்.

“ஒங்கப்பா கெளம்பறாரும்மா.”

“வாச்சியக் கழட்டி வெச்சிட்டு வரச் சொல்லுங்க மாமா.”

“சொல்லிப் பாத்துட்டேன். பிளேன்ல வாச்சி எதுக்குன்னேன். அப்ப பிளேன் ஓட்டறவன் எப்டி டைம் பாப்பான்னு கேக்கறாரு.”

செய்வதற்கு ஒன்றும் இல்லை. நாங்கள் விமான நிலையத்தில் போய் நின்றோம். வேட்டி கட்டிய அப்பா முறுக்கு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். நேராகப் பேத்தியிடம் போய் அவளைத் தூக்கிக்கொண்டார். என் கணவர், “பிரயாணம் சௌகரியமா மாமா?” என்று கேட்டார்.

“ரொம்ப சௌகரியம் மாப்ள. காத்துதான் கொஞ்சம் ஜாஸ்தி” என்றார்.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குழந்தையைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தேன். மூன்று இருபது காட்ட வேண்டிய வாச்சியில் மணி ஐந்து ஐம்பது. தலைக்கு மேல் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐம்பது. என் கால் அப்படியே நின்றுவிட்டது. அப்பா திரும்பிப் பார்த்து, “வாம்மா, ஏன் நின்னுட்ட?” என்றார்.

அன்றிரவு அப்பா திட்டுவார் என்று காத்திருந்து காத்திருந்து நான் தூங்கிப்போனேன்.

காலையில் எழுந்து வந்தபோது குளித்து, விபூதி பூசி, போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஒங்க மாமாவுக்கு ஒரு போன் போடும்மா. நல்லபடியா வந்து சேந்தேன்னு சொல்லிடுவோம்.”

“இப்பவாப்பா?”

“மணி ஆறாவுதே. இங்க ஆறுன்னா அங்கயும் ஆறுதானே?”

அவர் கண்ணைப் பார்த்தேன். பச்சைக் குழந்தையின் கண்ணே அதனிடம் தோற்றுப்போகும். அங்கே இப்போது மூன்றரை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டு நம்பரைச் சுற்றினேன்.

கள்ளக்குறிச்சியில் அந்த நேரத்தில் போன் வந்தால் சாவுச் செய்தி என்றுதான் அர்த்தம். மாமாவின் மனைவி, என் அத்தை, போனை எடுக்கும்போதே அழுதுகொண்டிருந்தாள். அவள் குரலுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம்கூடக் கேட்டது. மாமா பிடுங்கி, “யாரு? யாருக்கு இன்னா ஆச்சு?” என்றார். அப்பா என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

“நான்தான் மச்சான். வந்து சேந்துட்டேன். இன்னாது, இன்னும் படுத்துக்கினா இருக்கறீங்க? இங்க எல்லாரும் எழுந்து வேலைக்குப் போய்க்கினு இருக்கறாங்க!”

மாமா எதையோ முனகினார். அப்பா பேத்தி என்ன சாப்பிட்டாள், என்ன நிறத்தில் சட்டை போட்டிருக்கிறாள், ஜன்னலிலிருந்து எத்தனை கட்டிடம் தெரிகிறது என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டு, “சரி, டூட்டிக்கு நேரமாச்சு பாருங்க, கெளம்புங்க” என்று வைத்தார்.

மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும். ஒருநாள் சங்கராபுரத்தில் மழை உண்டா என்று கேட்க. ஒருநாள் மாட்டு டாக்டர் வந்தாரா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லச் சொல்ல. ஒருநாள் சும்மா. மாமா ஒருநாள் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். அப்பா பக்கத்து வீட்டு நம்பரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கிளம்பும்போதே வாங்கி வைத்திருந்தாராம், அவசரத்துக்கு. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் வந்து மாமா வீட்டுக் கதவை இடித்தது சிங்கப்பூர் வரை கேட்டது.

பகலில் அப்பா இல்லாத நேரம் பார்த்து மாமா என்னைக் கூப்பிட்டார். குரல் கம்மிப்போயிருந்தது.

“நீயாவது சொல்லக் கூடாதா? ஸ்டாண்டுல நின்னுக்கினே தூங்கறேன். நேத்து திருக்கோவிலூர் பஸ்ஸுக்கு ஊதறதுக்கு பதில் திருவண்ணாமல பஸ்ஸுக்கு ஊதிட்டேன். ரெண்டு டிரைவரும் சட்டையப் புடிச்சிக்கினாங்க.”

“நான் எப்டி மாமா சொல்றது? எதிர்காத்துன்னு சொன்னவ நான்.”

“ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சிபோச்சா?”

“தெரியல மாமா” என்றேன். எதிர்காத்துக்கு அடுத்து நான் சொன்ன கலப்படமில்லாத பொய் அதுதான்.

மாமா மேலும் சில நாள் தாக்குப்பிடித்தார். ஒரு காலையில் அப்பா, “இன்னா மச்சான், குரல் ஒரு மாதிரி இருக்குது? நேரத்தோட படுக்கறதில்லையா?” என்று கரிசனமாகக் கேட்டதும் அவர் உடைந்துவிட்டார். ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

“மச்சான், இங்க மூன்ற மணி! ஒங்க ஊரு ரெண்டர மணி நேரம் முன்னாடி ஓடுது! அங்க ஆறுன்னா இங்க மூன்ற! ஒங்கள கையெடுத்துக் கும்பிடறேன்!”

“அப்டியா?” என்றார் அப்பா. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “ரெண்டர மணி நேரமா? எனக்கு யாருமே சொல்லலையே மச்சான். அப்டீன்னா எட்டுக்கு ஏறி ஒம்போதரைக்கு எறங்கினா, கணக்கு எங்கயோ ஒதைக்குதே?”

மறுமுனையில் ரிசீவர் எதன் மீதோ தட்டுகிற சத்தம் கேட்டது.

“அலோ? மச்சான்? அலோ?” என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, அப்பா ரிசீவரை மெதுவாக வைத்தார். என் பக்கம் திரும்பி, “காத்து ஜாஸ்தி போல, லைன் நிக்கல” என்றார். என் கணவர் பாதி சவரம் செய்த முகத்தோடு குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் குழாய்த் தண்ணீரையும் மீறி வந்தது.

அப்பாவும் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். நான் அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் பார்த்ததில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின சாயங்காலம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எப்பப்பா தெரிஞ்சுது?”

“பிளேன்லதான். பக்கத்து சீட்டு அம்மா, திருவாரூர் பக்கமாம், வாச்சிய முன்னாடித் திருப்பிக்கினு இருந்தாங்க. ரிப்பேராம்மான்னு கேட்டேன். வெளக்கிச் சொன்னாங்க.”

“கோவம் வந்துதா?”

“வராம? மூணு பேரையும் நிக்க வெச்சி அடிக்கணும்னு வந்துது. வெறவு எடுக்க அனுப்பினாளே ஒங்கக்கா, அவளையும் சேத்து.” குழந்தையின் வாயைத் துடைத்தார். “அப்புறம் ஜன்னல்ல பாத்தேன். தண்ணி. கொஞ்ச நேரங்கழிச்சுப் பாத்தேன். அப்பவும் தண்ணிதான். இவ்ளோ தூரத்துலயா எம் பொண்ண வெச்சிருக்கறேன்னு அழுவ வந்துச்சு. அந்த நேரம் பாத்து சோத்துத் தட்டு குடுத்துட்டாங்க. சாப்ட்டேன்.”

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பீங்களா?”

“குடுத்திருக்க மாட்டேன்.”

“அதாம்பா சொல்லல.”

“அதான் தெரியுதே” என்றார். என் கணவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. குழந்தை மடியிலிருந்து குதித்து ஓடியது. அவள் போகிறதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீதிச் சோற்றை அப்பா தன் வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டு மணி விமானத்தில் அவரை ஏற்றிவிட்டோம். மெட்ராஸில் வந்து கூட்டிப்போக மாமாவே ஒரு வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். யாரும் வரச் சொல்லவில்லை. அன்று மாலையே ஊரிலிருந்து எனக்குப் போன் வந்தது.

“வந்து சேந்துட்டாரும்மா” என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆனா வழி முழுக்க ஒரு வார்த்த பேசல. நானும் திட்டுவாரு திட்டுவாருன்னு பாத்துக்கினே வர்றேன். திண்டிவனத்துல கார நிறுத்தச் சொன்னாரு. தானே எறங்கிப் போயி எனக்கு டீ வாங்கிக்கினு வந்து கையில குடுத்தாரு. சக்கர போதுமா மச்சான்னு வேற கேட்டாரு. அந்த டீய நான் குடிக்கவே இல்லம்மா. மனசுல இன்னும் இன்னா வெச்சிருக்காருன்னு நீ கொஞ்சம் கேட்டுச் சொல்லு.”

அந்த வாரக் கடைசியில் அப்பா பூத்துக்கு வந்து பேசினார். மாமா கேட்டதைச் சொன்னேன்.

“ஒண்ணும் இல்லம்மா. ஆனா அத அவங்கிட்ட சொல்லாத” என்றார்.